பண்டிதர் ஏறிய நூற்றாண்டுத் தேர்

கொடும்பை நாட்டில் ஒரு பொறியியல் கலாசாலை இருந்தது. அதற்கு நூறு வயது நிறைந்தபோது, வயதுக்கேற்ற அறிவும் வந்துவிட்டதாக அங்கிருந்தவர்கள் நம்பினார்கள்.

நூற்றாண்டு விழாவுக்காகத் தலைவர் பரமேசுவர பண்டிதர் ஒரு தேர் செய்வித்தார். பட்டறைக்குள்ளேயே வேலை நடந்தது. வெளியே செய்தால் வரைபடம் வெயிலில் வெளுத்துவிடுமாம். ஊர்வலத்தில் தேரின் உச்சியில் பண்டிதரே அமரலாம் என்று அரசர் வீரசேகரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

விழா அன்று காலை வடம் பிடித்தார்கள். தேர் நகர்ந்து, பட்டறை வாசலில் இடித்து நின்றது. வாசலைவிட அது இரண்டு முழம் அகலம். சுவரோ அரசரின் பாட்டனார் கட்டியது. ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது.

தேரைச் செய்த தச்சர் மாயழகு ஆசாரியின் தவறு என்று பண்டிதர் கைகாட்டினார். பொழுது சாய்வதற்குள் ஆசாரி குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றார் அரசர். ஆசாரியின் முகம் செத்துவிட்டது.

அவையில் அதிகம் பேசாதவள் பூங்கோதை. அரசரின் ஆலோசகர்களில் இளையவள். தேரின் முகப்பில் பதித்திருந்த செப்புத் தகட்டை அவள் மெல்ல வாசித்தாள்.

“‘ஆணி முதல் கலசம் வரை அனைத்தும் பரமேசுவர பண்டிதரின் சிந்தனை.’ அப்படியானால் ஆசாரி என்னதான் செய்தார், ஐயா?”

“சொன்னதைச் செய்தான். அவனுக்கு ஏதம்மா சொந்த மூளை?”

“வாசலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையா?”

“ஏதோ முனகினான். வடிவியல் படிக்காதவன் பேச்சை நான் கேட்பதா?”

சொன்ன பிறகுதான் பண்டிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அரசரின் பார்வை ஆசாரியை விட்டு அவர்மேல் திரும்பியது. அப்படியானால் நாடு கடத்த வேண்டியது இவரைத்தான் என்றார் அரசர்.

“வேண்டாம் அரசே, கொடுத்த வாக்கு என்னாவது? அவர் உச்சியில் அமரட்டும். தேர் ஊரைச் சுற்றி வந்ததும் இறங்கட்டும்” என்றாள் பூங்கோதை.

பண்டிதரை ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிட்டார்கள். உச்சி வெயில் பட்டறையின் ஓட்டுக் கூரையில் காய்ந்தது. கலசத்தைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒட்டடையோடு, பண்டிதர் கீழே பார்த்துக் கெஞ்சினார்:

“ஆசாரியாரே, இதை எப்படியாவது வெளியே கொண்டுவாருமையா.”

மரங்களை இணைக்கும் முளைகளைக் கழற்றினால் தேர் நான்கு துண்டாகப் பிரிந்து வாசலைத் தாண்டும். அது ஆசாரிக்குத் தெரியும்; இதுவரை யாரும் அவரைக் கேட்கவில்லை. அவர் பூங்கோதையை ஒருமுறை பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக நின்றார்.

“வழியைச் சொல்லுங்க சாமி. சொன்னதைச் செய்யறவன்தானே நான்.”

அரசர் சிரித்த சிரிப்பில் தேரின் மணிகள் ஆடின. மறுநாள் அந்தச் செப்புத் தகட்டில் இருந்த பெயர் மட்டும் ஆசாரியுடையதாக மாறியிருந்தது.