வேர்த்த ராஜாவும் பட்டுக் கட்டிய பிக்கப்பும்

வெயிலுகந்தபுரம் என்று ஒரு நாடு. பேரைச் சொன்னாலே வேர்க்கும். அதை ஆண்ட ராஜா குளிர்வழுதிக்கோ வெயில் ஆகவே ஆகாது. பட்டத்து யானைக்கு வயசாகி முட்டிவலி வந்ததும் மனுஷர் யோசித்தார். போகிற இடமெல்லாம் சிம்மாசனமும் கூட வரவேண்டுமே! வாங்கினார் ஐயா ஒரு பிக்கப் வண்டி. பின்னால் சிம்மாசனம், முன்னால் ஏ.சி.யில் ராஜா. எப்படி ஏற்பாடு!

ஆனால் அந்த ஏ.சி. இருக்கிறதே, அது லேசில் குளிராது. அரண்மனையில் கிளம்பினால், நாட்டின் எல்லைக்குப் போய்ச் சேரும்போதுதான் ஒரு சில்லிப்பு மெல்ல எட்டிப் பார்க்கும். அதற்குள் ராஜா தொப்பலாக நனைந்திருப்பார். போன வாரம் பக்கத்து நாட்டு ராஜா வரவேற்க வந்து நிற்கிறார், நம்ம ராஜா இறங்குகிறார், முறுக்கிவிட்ட மீசை ரெண்டும் வேர்வையில் தொங்குகிறது. பக்கத்து நாட்டுக்காரர் பேசாமல் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். மானம் போச்சு!

"டிரைவர் இருளாண்டிக்கு வண்டியே தெரியாது, மகாராஜா," என்று ஊதிவிட்டார் மந்திரி தண்டநாயகம். அந்த ஸ்டியரிங்கில் தன் மச்சானை உட்கார வைக்க அவருக்கு ரொம்ப நாளாக ஆசை.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! "நாளை உச்சி வெயிலில் ஏறி உட்காருவேன். ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் வண்டி குளிர வேண்டும். இல்லாவிட்டால் இருளாண்டி நாட்டை விட்டே போகட்டும்!"

இருளாண்டி அழுதுகொண்டே ஓடினான். யாரிடம்? சபையில் எல்லார் வாயையும் அடைக்கிற விகடகவி குப்பாண்டியிடம்தான்.

"அண்ணே, வியாழக்கிழமை என் பெண்டாட்டிக்கு வளைகாப்பு. அவளை இந்த வயித்தோட எந்த ஊருக்குண்ணே கூட்டிட்டுப் போவேன்?"

குப்பாண்டிக்கு மனசு கலங்கிப்போச்சு. "முதல்ல மூக்கைச் சிந்துடா. வா, வண்டியைப் பார்ப்போம்."

பானெட்டைத் தூக்கினார்கள். கேஸ் குறையவில்லை. பெல்ட் தளரவில்லை. ஃபேன் ஜோராகச் சுற்றியது. தலையைச் சொறிந்தபடி முன்பக்கம் வந்த குப்பாண்டி அப்படியே வாயைப் பிளந்து நின்றுவிட்டான். வண்டியின் மூஞ்சியே தெரியவில்லை! ராஜா போகிற ஊரெல்லாம் வண்டிக்கு ஒரு பட்டு கட்டுவது அந்த நாட்டு வழக்கம். நாற்பத்து மூன்று ஊர், நாற்பத்து மூன்று பட்டு. ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிக் கட்டி, முன்பக்கத்துக் கம்பி வலை மெத்தை போட்டது மாதிரி மூடிக் கிடந்தது.

"அடப்பாவி! சூட்டை வெளியே தள்ளுற கண்டென்சர் இதுக்குப் பின்னாலதானே இருக்கு? காத்தே போகலையேடா! ஏன் அவிழ்க்கலை?"

"அவிழ்த்தா ஜெயில்ணே. ராஜ மரியாதையை எந்தக் கை அவிழ்த்தாலும் விலங்குதான்னு மந்திரி சட்டம் போட்டிருக்காரே!"

"அப்படியா சங்கதி?" என்று சிரித்தான் குப்பாண்டி.

மறுநாள் காலை சபை கூடியதும் எழுந்தான். "மகாராஜா, அநியாயம்! வண்டிக்கு நாற்பத்து மூணு பட்டு. நாட்டுக்காக ஓடாத் தேயற மந்திரிக்கு ஒண்ணுகூட இல்லையே! வண்டிக்குக் கட்டின மாதிரியே அவருக்கும் கட்டணும்."

"அட, எனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார் தண்டநாயகம். சொல்லும்போதே தலையை நீட்டிவிட்டார்.

ராஜா தலையசைத்தார். குப்பாண்டி ஏழு பட்டைக் கொண்டுவந்தான். "வண்டிக்கு மூஞ்சியிலதானே கட்டினாங்க?" என்று மந்திரியின் மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினான். "வண்டி ஓடுமே! நீங்களும் சபையை மூணு சுத்து ஓடுங்க, மந்திரியாரே!"

முதல் சுற்றில் மந்திரியின் கண் சிரித்தது. ரெண்டாவதில் பிதுங்கியது. மூன்றாவதில் பாதி ஓடுவதற்குள் அத்தனை பட்டையும் பிய்த்து எறிந்தார்.

"ஐயய்யோ, மரியாதையை அவிழ்த்துட்டாரே! கொண்டா விலங்கை!" என்று குதித்தான் குப்பாண்டி.

"போய்யா! மூச்சு முட்டினா அவிழ்க்காம என்ன செய்ய? சட்டம் போட்ட நானே சொல்றேன், மூச்சு முட்டினா அவிழ்க்கலாம்!"

"கேட்டீங்களா மகாராஜா? வண்டி மூச்சு விடறதும் மூஞ்சி வழியாத்தான். அதுக்கு வாய் இருந்தா எப்பவோ கத்தியிருக்கும்."

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. "அவிழ்த்துப் போடு அத்தனையும்!" என்றார்.

உச்சி வெயில். ராஜா ஏறி உட்கார்ந்து வெற்றிலையை வாயில் போட்டார். தெரு முழுக்க ஜனம், ஒரே வாழ்த்தொலி. இருளாண்டி ஏ.சி.யைப் போட்டான். வெற்றிலை கால்வாசி மென்றாயிற்று, பாதி மென்றாயிற்று, குளிரக் காணோம்! ராஜாவின் ஜன்னலோரம் நின்ற மந்திரி, பக்கத்திலிருந்த மச்சானைப் பார்த்துக் கண்ணடித்தார். இருளாண்டி ஏ.சி. குமிழைத் திருகு திருகென்று திருகினான்.

பின்னால் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற குப்பாண்டி எட்டிப் பார்த்தான். ராஜா கண்ணாடியை அடிவரை இறக்கிவிட்டு, முழுக் கையையும் வெளியே நீட்டி ஜனங்களுக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். ராஜாவைப் பார்த்துக் கையை உள்ளே எடு என்று யார் சொல்வது? மூன்று வருஷமாக இருளாண்டி சொல்லவில்லை. உயிர்மேல் ஆசை யாருக்குத்தான் இல்லை?

குப்பாண்டி குதித்து இறங்கி, ஜன்னலோரம் போய்க் கைகட்டி நின்றான்.

"மகாராஜா! உங்க தாராள மனசு யாருக்கு வரும்? தெருவில இருக்கிற அத்தனை ஜனத்துக்கும் ஏ.சி. கொடுத்தாச்சு. மீதி இருந்தா உங்களுக்கும் கொஞ்சம் வச்சுக்குங்களேன்!"

ராஜா தன் கையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். அடக்க முடியாமல் வெடித்துச் சிரித்தார் பாருங்கள், வெற்றிலைச் சாறு மந்திரியின் அங்கவஸ்திரமெல்லாம் தெறித்தது. கை உள்ளே போனது, கண்ணாடி மேலே ஏறியது. மிச்ச வெற்றிலை வாயில் இருக்கும்போதே மகாராஜாவுக்குப் பல் கிட்டித்தது!

கழுத்து மாலையைக் கழற்றிக் குப்பாண்டியிடம் கொடுத்துவிட்டு, இருளாண்டியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "இதை மூணு வருஷமா நீயே சொல்லியிருக்கக் கூடாதாடா?"

"சொல்லியிருப்பேன் மகாராஜா," என்றான் இருளாண்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சொன்னா நாடு கடத்துவீங்கன்னுதான் சொல்லலை."