புலவர் திருத்திய சொல்

சேந்தனார் இலக்கணப் புலவர். தலை நரைத்த பிறகுதான் துறவு தேடி வந்தார். அவருக்கு வாய்த்த குரு ஒரு சமணப் பெண்துறவி. வயதில் அவருடைய மகளைவிட இளையவர். ஊரார் குரத்தியார் என்றார்கள். புலவரும் அப்படியே அழைத்தார்.

இருவரும் மதுரையிலிருந்து வடக்கே, கன்னட நாட்டு மலைக்கோயில் ஒன்றுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். காவிரியைத் தாண்டி மலை ஏறியதும் ஊர்ப்பேச்சு மாறத் தொடங்கியது. அதோடு புலவரின் நிம்மதியும் போயிற்று. பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. முழுக்கப் புரியாத மொழியாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இதுவோ தன் வீட்டுச் சாமான்களை யாரோ இடம் மாற்றி வைத்ததுபோல் இருந்தது. எதிர்ப்பட்டவர்களை எல்லாம் திருத்திக்கொண்டே வந்தார். தமிழை இப்படி உடைத்தது யார் என்று குரத்தியாரை நச்சரித்தார். குரத்தியார், சிற்றுயிர் எதுவும் மிதிபடாதபடி, மயிற்பீலியால் பாதையை வருடியபடி நடந்தார்.

ஒரு மலைச்சரிவில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெண், களைத்துப்போன புலவருக்குப் பால் ஊற்றிக் கொடுத்தாள். ஹாலு என்றாள். பால் என்று சொல்லும்படி அவர் திருத்தினார். அவள் சிரித்துக்கொண்டே, இல்லை, ஹாலுதான் என்று அவரைத் திருத்தினாள். இந்தப் பக்கம் புலி வரும் என்று எச்சரித்தபோது அதையும் ஹுலி என்றாள். புலவர் பாலைக் குடித்தார். கோபத்தை விழுங்க முடியவில்லை. எழுந்து போய், தனியே உட்காரலாம் என்று பாறை நிழலில் கையை ஊன்றப் போனார்.

"ஹாவு!" என்று அவள் கத்தினாள். "ஹாவு, ஹாவு!"

பழக்கதோஷம். அந்தச் சொல்லையும் திருத்தப் புலவரின் நாக்கு தானாகப் புரண்டது. ஹகரத்தை எடுத்துவிட்டுப் பகரத்தை வைத்தது. பாவு... பாம்பு.

வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். ஊன்றப் போன இடத்தில் நல்லபாம்பு ஒன்று படம் எடுத்து நின்றது. பிறகு தாழ்ந்து, பாறை இடுக்கில் போய் மறைந்தது.

 பாம்பு போன இடுக்கிலிருந்து கண்ணை எடுப்பதற்குள் புலவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"குரத்தியாரே, இது உடைந்த தமிழ் இல்லை. மாறியதெல்லாம் ஒரே ஒழுங்கில் மாறியிருக்கிறது. அப்படியென்றால் இது நம் மொழிக்குப் பிறந்த மகள்."

"உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?"

"ஒரு தங்கை. என்னை உரித்து வைத்தாற்போல் இருப்பாள்."

"அவளைப் பெற்றது நீங்களா, புலவரே?"

  அந்தப் பெண் மாடுகளை ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கி மறைவதற்குள் புலவரின் மனம் மறுபடி அலையத் தொடங்கிவிட்டது. எழுந்தார், உட்கார்ந்தார், மீண்டும் எழுந்தார்.

"சரி, உடன்பிறந்தாளாகவே இருக்கட்டும். அப்படியானால் தாய் யார்? இரண்டுக்கும் முந்திய அந்த மொழிக்கு என்ன பெயர்? அதையாவது சொல்லுங்கள். அது தெரியாமல் இனி ஓர் அடிகூட என்னால் எடுத்து வைக்க முடியாது."

குரத்தியார் பீலியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அன்று வீட்டில் இருந்தவள் அந்தத் தாய் ஒருத்திதான். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யார் இருந்தார்கள்?"