விசிலைக் கழற்றிவைத்த குக்கர்

கோவில்பட்டியில் ஒரு சமையலறையில் ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று பெரிய மனிதர் தோரணையில் வாழ்ந்துவந்தது. பதின்மூன்று வருடமாக அந்த வீட்டுக்குச் சோறும் பருப்பும் ஆக்கிப் போட்ட குக்கர் அது. அதனால் மேடையில் அதற்கென்று ஓர் இடமும் மனதில் கொஞ்சம் கர்வமும் இருந்தன. தப்பில்லை. உழைக்கிறவர்களுக்கு அந்த அளவு கர்வம் இருந்துவிட்டுப் போகட்டும்.

அதைவிடப் பெரிய கர்வம் அதன் தலைமேல் உட்கார்ந்திருந்த விசிலுக்கு. குக்கர் உள்ளே வெந்து புழுங்கி வேலை பார்க்கும். விசில் மேலே நின்று ஒரு கத்துக் கத்தும். வீட்டில் எல்லோரும் "விசில் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். உள்ளே குக்கர் என்ன பாடுபடுகிறது என்று கேட்ட ஆள் கிடையாது. குக்கருக்கும் அது பழகிப்போயிற்று. விசில் இல்லையென்றால் தான் வெறும் பாத்திரம் என்று அதுவும் நம்பிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக்காரர் தில்லைநாயகம் டேப்பை எடுத்துவந்து மேடையை அளந்தார்.

"செண்பகம், ஓவன் வாங்குனா இங்கதான் வைக்கணும். இந்தப் பெரிய குக்கரைத் தூக்கிப் பரண்ல போட்ருவோம். நம்ம ரெண்டு பேருக்குச் சின்னக் குக்கரே காணும்."

அவர் மனைவி செண்பகவல்லிக்கு பிஸ்கட் சுடும் ஆசை வந்து ஒரு மாதம் ஆகிறது. ஓவன் பேச்சு எழுந்ததே அதனால்தான். ஆனாலும் குக்கரைப் பரணில் போட அவளுக்கு மனம் வரவில்லை.

"குக்கர்லயே பிஸ்கட் சுடலாமாம்ங்க. இன்னைக்குச் செஞ்சு பாக்கேன். சரியா வந்தா ஓவன் வேண்டாம்."

"வரலைன்னா?"

"வரலைன்னா உங்க இஷ்டம்."

குக்கர் பரணை நிமிர்ந்து பார்த்தது. பழைய இட்லிக் கொப்பரை அந்தப் பரணுக்குத்தான் போயிற்று. அதன் பின்னால் மிக்ஸி போயிற்று. போனவை எவையும் இறங்கி வந்து அது பார்த்ததில்லை.

செண்பகவல்லி வெண்ணெயையும் பொடித்த சர்க்கரையையும் நுரைக்கக் குழைத்தாள். மைதாவைப் போட்டு, சப்பாத்திக்குப் பிசைவதுபோல் அழுத்தாமல், விரல் நுனியால் ஒன்றுசேர்த்தாள். மாவை மூன்று பங்காக்கி ஒன்றில் சுக்குப்பொடி, ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் காப்பித்தூள் கலந்தாள். பாட்டில் மூடியால் வட்டவட்டமாக வெட்டி மூன்று தட்டுகளில் அடுக்கினாள்.

பிறகு குக்கரின் அடியில் கல் உப்பைப் பரப்பினாள். தண்ணீர் ஊற்றுவாள் என்று குக்கர் காத்திருந்தது. அவள் ஊற்றவில்லை. மூடியிலிருந்த ரப்பர் வளையத்தை உருவினாள். விசிலையும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள்.

"போச்சு போ," என்றது அலமாரியிலிருந்த விசில். "நான் இல்லாம நீ வேலை செய்யறதை யாரு நம்புவா? நான் ஒரு குரல் குடுத்தா செண்பகம் எங்க இருந்தாலும் ஓடி வருவா. உனக்கு என்ன இருக்கு, மண்டையில ஒரு ஓட்டை."

குக்கர் கூசிப்போயிற்று. மண்டையில் ஓட்டையோடு நாலு பேர் முன்னால் உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்?

முதலில் சுக்குத் தட்டு உள்ளே போனது. சுக்கு பிஸ்கட்டுகள் பிறவியிலேயே கோபக்காரர்கள்.

"எங்களை எப்ப இறக்குவீங்க?"

"விசில் வந்ததும்," என்றது குக்கர்.

"விசில்தான் அலமாரியில உக்காந்திருக்கே."

குக்கருக்கு அப்போதுதான் உறைத்தது. அதைவிட வேடிக்கை கூடத்தில் நடந்தது. செண்பகவல்லி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தில்லைநாயகம், "எத்தனை விசில் விடணும்?" என்று கேட்டார். "ஒரு மூணு வரட்டும்," என்றாள் அவள். விசிலைக் கழற்றிவைத்தவளே விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரைமணி நேரம் போனது. முக்கால் மணி நேரமும் போனது.

"என்னங்க, இன்னும் ஒரு விசில்கூட வரலை," என்றவள், சொன்ன வாயை மூடாமலே எழுந்து ஓடினாள். சுக்கு பிஸ்கட்டுகள் கரியாகிக் கிடந்தன. குக்கரை ஒரு முறை முறைத்துவிட்டு அவை குப்பைக்கூடைக்குப் போயின.

"டேப்பை எங்க வச்சேன்?" என்று கூடத்தில் தேடத் தொடங்கினார் தில்லைநாயகம்.

இரண்டாவது ஏலக்காய்த் தட்டு. ஏலக்காய் பிஸ்கட்டுகள் சாதுவானவை, எதையும் தயங்கித் தயங்கித்தான் சொல்லும். இந்த முறை செண்பகவல்லி அடுப்பை விட்டு நகரவே இல்லை. இருபது நிமிடத்தில் திறந்து ஒன்றைத் தொட்டாள். அமுங்கியது.

"நாங்க இன்னும் ஆகலை போலிருக்கு," என்றன பிஸ்கட்டுகள். "தொட்டா அமுங்குறோம்."

"உங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்றது குக்கர். பரண் அதன் கண்ணுக்குள்ளேயே நின்றது.

செண்பகவல்லி கரண்டியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். அது நழுவி மேடையில் விழுந்தது. அதை விட்டுவிட்டு, மற்றவற்றை இன்னும் பத்து நிமிடம் வேகவிட்டாள். ஆற வைத்து எடுத்தபோது அவை கருங்கல்லாக இருந்தன. தில்லைநாயகம் ஒன்றைக் கடித்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"ஏ செண்பகம், இதைச் சுவத்துல ஆணி அடிக்கவா சுட்டே?"

விசில் அலமாரியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. குக்கருக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது மேடையில் விழுந்து கிடந்த ஒற்றை பிஸ்கட் வாயைத் திறந்தது. "அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டுமா? சூட்டுல நாங்க எல்லாருமே அமுங்கத்தான் செய்வோம். இங்க சும்மா கெடந்து ஆறுனேன், தானா சரியாயிட்டேன். வேக வைக்கிறதோட உங்க வேலை முடிஞ்சுது. மிச்சத்தை எங்ககிட்ட..."

அது சொல்லி முடிப்பதற்குள் செண்பகவல்லி அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் கண்கள் விரிந்தன. பல் படுமுன்பே அது பொலபொலவென்று உதிர்ந்து வெண்ணெயாய்க் கரைந்துவிட்டது.

"அட, ஆற விடணுமாக்கும்," என்றாள் தனக்குத்தானே.

மிச்சம் இருந்தது காப்பித் தட்டு மட்டும். அதை உள்ளே வைத்து, தீயைக் குறைத்துவிட்டு, கரி பிடித்த தட்டைத் தேய்க்கப் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள் செண்பகவல்லி.

"இதுவும் தீஞ்சா நேரா பரண்தான்," என்றது விசில்.

குக்கர் இந்த முறை காதில் வாங்கவில்லை. யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்ற கவலையை விட்டுவிட்டு, உப்புக்குள் இருந்த சூட்டைச் சிந்தாமல் சிதறாமல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. காப்பி பிஸ்கட்டுகள் மெல்ல உப்பி, விளிம்பில் நிறம் மாறின. அப்போது மண்டை ஓட்டை வழியாக ஏதோ மெதுவாக வெளியேறுவதைக் குக்கர் உணர்ந்தது. ஆவி என்றால் முட்டி மோதிக்கொண்டு போகும். இது அப்படிப் போகவில்லை. வெண்ணெயும் காப்பியும் கலந்த வாசனை, தடுக்க ஆளில்லாத வழியில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

குழாயடியில் செண்பகவல்லி நிமிர்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து அடுப்பை அணைத்தாள். பிஸ்கட்டைத் தொட்டாள், அமுங்கியது. இந்தத் தடவை அவள் பயப்படவில்லை, தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டாள். தில்லைநாயகத்தின் கை இரண்டு முறை நீண்டு இரண்டு முறையும் அடி வாங்கியது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். "என்னத்தை சுடுதே செண்பகம்? என்னால வீட்ல உக்கார முடியலை." அவள் பின்னாலேயே மாடி வீட்டுக்காரர், ஏதோ கேட்க வந்தவர்போல வந்து, எதையும் கேட்காமல் நின்றார்.

தட்டு காலியானது. பொன்னுத்தாய் மடியில் உதிர்ந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். சுக்கிலும் ஒரு தட்டு சுடேன் என்றாள். தில்லைநாயகம் டேப்பைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டார்.

"ஓவன் எதுக்கு," என்றார். "இந்தக் குக்கர் இங்கயே கெடக்கட்டும்."

குக்கருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. விசிலுக்கோ பொறுக்கவில்லை.

"நீ ஒரு சத்தமும் போடலையே. இவ்வளவு பேர் எப்படி வந்தாங்க?"

"எனக்கும் தெரியலை," என்றது குக்கர். "இத்தனை வருஷமா நீ கத்துனியே, யாராவது வந்திருக்காங்களா?"

"ஏன், செண்பகம் தினமும் ஓடி வருவாளே?"

"வருவா," என்றது குக்கர். "உன்னை நிறுத்த."