கண்ணைக் கட்டி ஓடுகிறவளின் படம்

“கேமரா என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது, தங்கச்சி. எந்த மோடுல வைக்கணும், அதை மட்டும் சொல்லுங்க.”

கேட்ட தேவசகாயத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. பாளையங்கோட்டையில் முப்பது வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர்.

பதில் சொல்ல வேண்டிய ஹசீனாவுக்கு முப்பத்தொன்று. பத்திரிகைகளுக்கு விளையாட்டுப் படங்கள் எடுப்பவள். மைதானத்து ஓரத்தில் அவள் லென்ஸைத் திருப்பினால், என்னவோ நடக்கப்போகிறது என்று மற்றப் படக்காரர்களும் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.

தன்னைவிடச் சின்னவளிடம் கேட்கிறோமே என்ற கூச்சம் அவருக்கு இல்லை. கூச்சப்பட நேரமும் இல்லை. பந்தயத்துக்கு இருபது நாள்தான் இருந்தது.

விஷயம் இதுதான்.

அவர் ஸ்டுடியோவுக்கு எதிரே ஒரு விடுதி. அங்கே இசக்கியம்மாள் என்று ஒரு பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. நானூறு மீட்டர் ஓடுகிறவள். அவளோடு கூட ஓடி வழிகாட்டுகிறவள் ஸ்டெல்லா. இருவர் கையையும் ஒரு சாண் கயிறு இணைத்திருக்கும். வழிகாட்டி அந்தக் கயிற்றை இழுக்கக் கூடாது. முடிவுக் கோட்டை முதலில் தொடவும் கூடாது. அது விதி.

போன போட்டியில் ஸ்டெல்லா இழுத்துக்கொண்டு ஓடினாள் என்று வேறொரு அணிக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். இழுத்தாள் என்பதற்கும் சாட்சி இல்லை, இழுக்கவில்லை என்பதற்கும் சாட்சி இல்லை. நடுவர்கள் எச்சரித்து அனுப்பினார்கள். இன்னொரு முறை புகார் வந்து, அது நிலைத்துவிட்டால், அந்த வருடம் முழுக்க இசக்கி ஓட முடியாது.

மறுநாள் அவள் ஸ்டுடியோ படியேறி வந்தாள். அடையாள அட்டைக்கு அவளைப் படம் எடுத்தவர் அவர்தான்.

“நான் ஓடுறதை நீங்க ஒரு படம் எடுக்கணும் அண்ணாச்சி. என் கால்ல நான் ஓடுறேன்னு அதுல தெரியணும்.”

ஆடாதீங்க, அசையாதீங்க என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் படம் எடுத்தவர். அதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சரிம்மா என்றுவிட்டார்.

புதுக் கேமரா வாங்கினார். நீளமான லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். நான்கு நாள் காலைப் பயிற்சியில் அறுநூறு படம் எடுத்தார். அதற்குப் பிறகுதான் ஹசீனாவைத் தேடி வந்தார்.

ஹசீனா அந்த அறுநூறையும் கேமராவின் திரையிலேயே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு படத்தில் நிறுத்தினாள்.

“இது யாரு?”

ஸ்டெல்லா என்றார். இமை மயிரை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவு. பக்கத்தில் இசக்கி பஞ்சு மாதிரி கலங்கிக் கிடந்தாள். எந்தப் படத்தை எடுத்தாலும் அப்படித்தான்.

“கேமரா பேச்சைக் கேட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி. கண்ணைத் தேடிப் பிடின்னு அதுக்குச் சொல்லி வச்சிருக்கு. இசக்கி கண்ணைத்தான் துணியால கட்டியிருக்காங்களே. அது திறந்திருக்கிற கண்ணுகிட்டப் போயிட்டுது.”

லேசாக வெளிச்சம் தெரிகிறவர், ஒன்றுமே தெரியாதவர் என்ற பேதம் இல்லாமல் ஓட வேண்டும் என்று அந்தப் பிரிவில் எல்லார் கண்ணையும் கட்டிவிடுவார்கள். அது தேவசகாயத்துக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியாது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

ஹசீனா கண் தேடுகிற வசதியை அணைத்தாள். திரையில் ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் விட்டுவைத்தாள். இதை இசக்கியின் நெஞ்சில் இருக்கிற எண்ணின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள், விரலை எடுக்கிற வரைக்கும் ஃபோகஸ் கூடவே போகும் என்றாள். குறுக்கே யாராவது வந்தால் உடனே அவர்மேல் தாவிவிடாமல் கேமரா சற்றுப் பொறுத்திருக்கும்படியும் ஒரு மாற்றம் செய்தாள்.

அவள் பொத்தான்களைப் பார்க்கவே இல்லை. பேச்சு அவரோடு, விரல்கள் மட்டும் அங்கே. தேவசகாயம் எழுதிக்கொள்ள வந்ததை மறந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டு போனார்.

ஆறாம் நாள் திரும்பி வந்தார்.

இப்போது ஸ்டெல்லாவும் தெளிவாக இல்லை, இசக்கியும் தெளிவாக இல்லை. சில படங்களில் வீசின கை மட்டும். சிலவற்றில் பின்னால் இருந்த வேலிக்கம்பி. கட்டம் எப்போதும் அவளுக்கு ஓர் எட்டு பின்னாலேயே தடுமாறிக்கொண்டு போயிருந்தது.

கட்டத்தைப் பெரிசாக்கலாமா, வேறு மோடு ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

“வேகம் எடுக்கறதுக்கு முன்னாடி இசக்கி என்ன செய்வா?”

தெரியவில்லை என்றார்.

“வளைவுல வரும்போது அவ தலை எந்தப் பக்கம் சாயும்?”

அதுவும் தெரியவில்லை.

ஹசீனா கையை நீட்டினாள். அவர் கேமராவைக் கொடுத்தார். அதைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு இரண்டு வார்த்தை பேசினாள்.

“நாளையிலேருந்து ஒரு வாரம், காலையில கயித்தோட அந்த முனையை நீங்க பிடிங்க.”

முட்டி வலி இருக்கிறது என்றார். மெதுவாக ஓடுங்கள் என்றாள்.

பந்தயம் நெருங்குகிறதே என்றார். அதனால்தான் என்றாள்.

முதல் நாள் காலை. இசக்கியின் கையும் அவர் கையும் ஒரே கயிற்றில். ஓடத் தொடங்கி ஐம்பது மீட்டர்கூட ஆகவில்லை. தடத்தை விட்டு விலகிவிடுவாளோ என்று அவருக்குப் பயம். தன்னை அறியாமல் கயிற்றைத் தன் பக்கம் சுண்டினார்.

இசக்கி நின்றுவிட்டாள்.

“இழுக்காதீங்க அண்ணாச்சி. நான் வந்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க கூட வந்தாப் போதும்.”

அதில் கோபம் இல்லை. ஸ்டெல்லா ஓரத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே ஓடினார். மூன்றாம் நாள் அவள் காலைப் பார்த்து ஓடினார். நான்காம் நாள் எதையும் பார்க்கவில்லை. அவள் மூச்சு பக்கத்தில் கேட்டது. அதோடு தன் மூச்சையும் விட்டார். அன்றைக்குக் கயிறு தளர்ந்தே இருந்தது.

வளைவில் அவள் தலை இடது தோளை நோக்கிச் சாய்வதை அப்போது கண்டார். எல்லாரும் தளர்ந்துபோகிற முன்னூறாவது மீட்டரில் அவள் மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு இழுப்பாள். தாடை கொஞ்சம் இறங்கும். அதற்கு அடுத்த மூன்றாவது எட்டில் அவள் வேறு ஆளாகிவிடுவாள்.

அந்த வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. போதும்மா, போதும்மா என்று கெஞ்சினார். இசக்கி சிரித்துக்கொண்டே நின்றாள்.

புல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது பயிற்சியாளர் ஒரு விஷயம் சொன்னார். தனியாக ஓட விட்டால் ஸ்டெல்லா இசக்கியைவிட மூன்று நொடி முன்னால் வந்துவிடுவாளாம்.

தேவசகாயம் தலையைத் திருப்பி ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் குனிந்து இசக்கியின் ஷூ நாடாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வாரம் முடிந்ததும் ஹசீனா கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முன்பு வைத்துக் கொடுத்த அமைப்புகள் அப்படியே இருந்தன. எதையும் புதிதாக மாற்றியிருக்கவில்லை.

பந்தயத்தன்று காலை ஒன்பது மணி. முடிவுக் கோட்டுக்குப் பின்னால் படக்காரர்களுக்கு என்று சுண்ணாம்பால் கோடு போட்ட இடத்தில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஹசீனா.

குறுக்கே யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று கடைசியாக ஒரு சந்தேகம் கேட்டார்.

“விட்டுராதீங்க” என்றாள்.

நான்கு ஜோடிகள். துப்பாக்கி வெடித்தது.

கடைசி வளைவில் இசக்கி கட்டைவிரல் உயரம்தான் தெரிந்தாள். அப்போதே அவள் எண்ணின் மேல் கட்டத்தை வைத்துவிட்டார். ஃபோகஸைப் பிடித்துக்கொண்டார், படம் எடுக்கவில்லை. சுற்றிலும் மற்றக் கேமராக்கள் படபடத்தன. அவர் வெறுமனே அவளோடு வந்துகொண்டிருந்தார்.

கறுப்புக் குடை பிடித்த அலுவலர் ஒருவர் குறுக்கே நடந்தார்.

எல்லாம் இருட்டாகிவிட்டது. விரல் தானாக எழும்பப் பார்த்தது. அவர் எடுக்கவில்லை. ஓர் எட்டு. இன்னும் ஓர் எட்டு. இந்நேரம் இங்கே வந்திருப்பாள் என்று மனசு சொன்ன இடத்துக்கு லென்ஸை நகர்த்தினார்.

குடை விலகியது. கட்டத்துக்குள் அவள் எண் இருந்தது.

தாடை இறங்கியது.

ஒன்று, இரண்டு என்று எண்ணி மூன்றாவது எட்டில் அழுத்தினார். அங்கிருந்து கோடு வரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார்.

இசக்கி இரண்டாவதாக வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த ஜோடியின் ஆட்கள் ஐந்தே நிமிடத்தில் புகாரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதே புகார்தான்.

தலைமை நடுவர் நேராக ஹசீனாவிடம் வந்தார். உங்களிடம் நிச்சயம் இருக்குமே, கடைசி நூறு மீட்டரைக் காட்டுங்கள் என்றார்.

“என்கிட்ட இல்ல சார். நான் எடுக்கல. அண்ணாச்சிகிட்டக் கேளுங்க.”

தேவசகாயம் அப்போதுதான் பார்த்தார். அவளுடைய கேமரா மூடி கழற்றாத லென்ஸோடு மடியில் கிடந்தது. பந்தயம் முழுக்க அப்படியேதான் இருந்திருக்கிறது. ஏன் தங்கச்சி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்.

“உங்களைப் பாத்துக்கிட்டு இருந்தேன். பாக்க நல்லா இருந்துச்சு.”

பதினேழு படங்கள். நடுவர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். இசக்கியின் நெஞ்சில் இருந்த எண், கழுத்து நரம்பு, கண்ணைக் கட்டிய துணியின் தையல், எல்லாம் துலக்கமாக இருந்தன. இருவர் கைக்கும் நடுவில் கயிறு தொட்டில் மாதிரி தொங்கியது. பதினேழிலும் தொங்கியது.

நடுவர் இரண்டாம் முறையும் முதலிலிருந்து பார்த்தார். புகார்த் தாளைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் இசக்கியும் ஸ்டெல்லாவும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். தேவசகாயம் ஒரு படத்தைப் பெரிதாக அச்சிட்டு வைத்திருந்தார். இசக்கியின் விரலைப் பிடித்து, இது நீ, இது உன் கால், ரெண்டு காலும் தரையில இல்ல பாரு என்று தொட்டுக் காட்டினார். கயிறு எங்கே என்று கேட்டாள். அந்த வளைவின் மேல் விரலை நடத்தினார். அவள் தானாகவும் ஒரு முறை நடத்திப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை.

தேவசகாயம் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார். அவருக்குச் சங்கடமாக இருந்தது. படத்தில் அவள் அரை எட்டு பின்னால் இருந்தாள். முகம் மங்கிப்போய், யார் என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. முதலில் எடுத்த அறுநூறில் நீ அழகாக வந்திருக்கிற படம் நிறைய இருக்கிறது, உனக்கு அதில் ஒன்று போட்டுத் தருகிறேன் என்றார்.

ஸ்டெல்லா மேஜை மேல் குனிந்து, மங்கலாக இருந்த தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

“அது வேண்டாம் அண்ணாச்சி. இதுலயே எனக்கும் ஒண்ணு குடுங்க. நான் நல்லா ஓடின படம் இது ஒண்ணுதான்.”