செல்லத்தங்கம் டீச்சரின் மாமரம்

கதை முடிந்ததும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள்.

தக்கலைப் பக்கம் தையல் கடை வைத்திருந்த ஸ்டெல்லாபாய்க்குப் பழம் மண்ணில் விழுந்து அழுகுவதைப் பார்த்தால் பொறுக்காது. பூட்டிக் கிடந்த வீடுகளில் மாவும் பலாவும், சாலையோரத்தில் நாவலும் கேட்பாரற்று உதிர்ந்துகொண்டிருந்தன. வீட்டுக்காரர்களிடமும் பஞ்சாயத்திலும் சொல்லி அனுமதி வாங்கி, சனிக்கிழமைதோறும் பறித்து, ஊர்க்கோடியிலிருந்த பிள்ளைகள் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். துணைக்கு இரண்டு பேர். ஒருவன் லாரி ஓட்டும் நீலகண்டன், நெடுநெடுவென்று உயரம். மற்றவன் மின்கம்பம் ஏறும் வேலை பார்த்த ஏசுவடியான்.

அந்த ஆண்டு செல்லத்தங்கம் டீச்சர் கண் அறுவைச் சிகிச்சைக்காக மும்பையில் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். போகும்போது கேட் சாவியை ஸ்டெல்லாவின் கையில் வைத்தார்.

“மக்களே, செங்கவருக்கை மாமரம் இந்த வருசம் கொம்பு முறியக் காய்ச்சிருக்கு. அத்தனையும் பிள்ளைகளுக்குத்தான். ஆனா யாரையும் மரத்துல மட்டும் ஏத்தப்பிடாது. எனக்கு வாக்குக் குடு.”

ஸ்டெல்லா கொடுத்தாள். அப்போதுதான் டீச்சர் காரணத்தைச் சொன்னார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்தார் என்றே ஊர் நம்பியிருந்தது. உண்மையில் அவர் விழுந்தது அந்த மரத்திலிருந்து.

“நான்தான் ஏறச் சொன்னேன்” என்றார் டீச்சர். “இது உன்னோட இருக்கட்டும்.”

அடுத்த சனிக்கிழமை மூவரும் போனார்கள். “டீச்சர் யாரும் மரத்துல ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்று மட்டும் ஸ்டெல்லா சொன்னாள். வலைப்பை கட்டிய தொரட்டிக் கம்புக்கு எட்டியதெல்லாம் மதியத்துக்குள் இறங்கிவிட்டது; எண்ணினால் முப்பதுகூட இல்லை. உச்சியில் இன்னும் நிறைய இருந்தது. மறுநாள் பலத்த காற்றும் மழையும் வரும் என்று காலைச் செய்தியில் சொல்லியிருந்தார்கள். இல்லத்தில் அறுபது பிள்ளைகள். ஆளுக்கொரு முழுப்பழம் என்று ஸ்டெல்லா ஏற்கெனவே அவர்களிடம் சொல்லிவிட்டிருந்தாள். டீச்சரைக் கேட்கலாமென்றால், அன்றுதான் அவருக்கு அறுவைச் சிகிச்சை, போன் அணைந்திருந்தது.

அவள் கூடைகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது நீலகண்டன் பக்கத்து வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் தொரட்டி, மறு கையில் பிடிமானம் ஏதுமில்லை. உடம்பு பாதி வெளியே சாய்ந்திருந்தது.

“இறங்கு நீலகண்டா!”

“நான் மரத்தைத் தொடவே இல்லியே அக்கா!” என்று சிரித்தான்.

அதே நேரத்தில் மரத்துக்குள்ளிருந்து ஏசுவடியானின் குரல் வந்தது. இடுப்பில் பெல்ட்டைப் பூட்டி, கயிற்றை இரண்டு கிளைகளில் கட்டிக்கொண்டு, நடுமரத்தில் உட்கார்ந்திருந்தான். “அக்கா, ஆளு விழப்பிடாதுன்னுதானே அவங்க சொல்லியிருப்பாங்க? இந்தக் கயிறு இருக்கையில நான் எப்பிடி விழுவேன்?”

அவன் அறியாமலே காரணத்தைத் தொட்டுவிட்டான். ஆமாம் என்றால் டீச்சர் தன்னோடு வைத்துக்கொள்ளச் சொன்னது வெளிப்பட்டுவிடும். இருவரையும் இறங்கச் சொன்னாள். அவர்கள் அதுவரை பறித்ததை வாங்கிக்கொண்டு கேட்டைப் பூட்டினாள். உச்சியில் முப்பது நாற்பது பழம் மிச்சமிருந்தது.

இரவெல்லாம் காற்று. காலையில் அந்தப் பழங்கள் சாலையில் சிதறி, வண்டிகளில் நசுங்கிக் கிடந்தன. இல்லத்தில் பிள்ளைகளுக்கு ஆளுக்குப் பாதிப் பழம்தான் கிடைத்தது. ஒரு சின்னப்பெண், “முழுசுன்னீங்களே அத்தை?” என்று கேட்டாள்.

நான்கு நாள் கழித்து டீச்சர் கூப்பிட்டார். ஸ்டெல்லா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்து டீச்சர் சொன்னார்:

“நான் இனி ஊருக்கு வந்து தங்கப் போறதில்லை, மக்களே. அந்தச் சாவி உங்க மூணு பேர்ல ஒருத்தர்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டதைக் காப்பாத்தினது யாரோ, அவங்ககிட்ட. உன்னையும் சேர்த்துத்தான் சொல்லுதேன்.”

சொன்னபடி மரத்தைத் தொடாத நீலகண்டனா, உயிருக்குக் காவல் செய்துகொண்டு ஏறிய ஏசுவடியானா, பழத்தையும் பிள்ளைகளுக்குச் சொன்ன சொல்லையும் கைவிட்ட ஸ்டெல்லாவா? சாவி யாருக்குச் சேரும்?

விடை: ஸ்டெல்லாவுக்கே. நீலகண்டன் சொல்லைக் காத்தான். ஆனால் டீச்சர் எதற்குப் பயந்தாரோ அதன் விளிம்பிலேயே போய் நின்றான். ஏசுவடியான் பயத்துக்கு மருந்து கண்டான். ஆனால் பயந்தவரைக் கேட்காமல் தானே முடிவு செய்தான். அவர்கள் இருவரும் வாக்குக் கொடுத்தவர்களல்லர்; கொடுத்தவள் அவள் ஒருத்தி. அவள் இழந்தது பழம். அது அடுத்த ஆண்டும் காய்க்கும்; பிள்ளைகளுக்குச் சொன்ன முழுப்பழத்தை அப்போது கொடுக்கலாம். ஆனால் இந்தத் தீர்ப்பைத் தன் வாயால் சொல்ல ஸ்டெல்லாவுக்குக் கூச்சம். நண்பர்கள் இருவரையும் கடைக்கு வரவழைத்து, போனை அவர்கள் நடுவில் வைத்து, “நீங்களே சொல்லுங்க டீச்சர்” என்றாள். சாவி ஸ்டெல்லாவிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, டீச்சர் கணவர் விழுந்த கதையையும் சொன்னார். நீலகண்டன் தலையைக் கையால் தாங்கிக்கொண்டான். “முன்னமே தெரிஞ்சிருந்தா அந்தச் சுவர்ல கால் வச்சிருக்க மாட்டேனே, டீச்சர்” என்றான். “இன்னைக்குத்தான் தம்பி சொல்ல முடிஞ்சது” என்றார் அவர்.