மிளா போட்ட கல்பாதை

சிற்றாறு ஒன்று அந்தக் காட்டை இரண்டாக வெட்டிக்கொண்டு ஓடியது. வடக்கே மேட்டுக்காடு. அங்கே மான்களும் காட்டெருமைகளும் இருந்தார்கள். தெற்கே பள்ளக்காடு. அங்கே முயல்கள், கீரிகள், முள்ளம்பன்றிகள் என்று வளை தோண்டி வாழ்பவர்கள் இருந்தார்கள்.

மழைக்காலம் நெருங்கினாலே பள்ளக்காட்டுக்காரர்கள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மலையில் மழை கொட்டினால் ஆறு பெருகி வளைகளுக்குள் புகுந்துவிடும். பின்பக்கம் ஏற முடியாத செங்குத்துப் பாறை. பிழைக்க வேண்டுமென்றால் ஆற்றைக் கடந்து மேட்டுக்காட்டுக்குத்தான் வர வேண்டும். வருஷா வருஷம் சிலர் வந்து சேர்வதில்லை.

காட்டின் பொதுவேலைகளைத் திட்டமிட மேட்டுக்காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. பெரிய மருத மரத்தடிதான் அலுவலகம். அதன் தலைவி செம்பி என்ற மிளா. மிளா என்பது மான்களிலேயே பெரிய மான். செம்பியின் கால்கள் நெடுநெடுவென்று இருக்கும்.

செம்பி சும்மா இருப்பவள் இல்லை. மண் மேவிக் கிடந்த குட்டையைத் தூர் வாரச் செய்தாள். நடைபாதைகளில் முள் அகற்றினாள். "செம்பி ஒன்றைத் தொட்டால் முடிக்காமல் விடமாட்டாள்" என்று காடு முழுக்கப் பேர்.

அவளுக்கு யோசனை சொல்ல ராசாளி என்ற கழுகு இருந்தான். உயரத்தில் பறந்து, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்து வந்து சொல்வது அவன் வேலை. வேலையில் சேரும்போது எல்லோர் முன்னாலும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான்.

"காட்டில் உயிரோடு நடமாடும் யாரையும் தொடமாட்டேன். ஆறு அடித்து வந்து ஒதுக்குவதை மட்டும்தான் தின்பேன்!"

அந்த ஆண்டு ஆற்றின் குறுக்கே கல்பாதை போடுவது என்று முடிவானது. செம்பி எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டாள். தூரத்து மலைமேல் அப்போதே கருமேகம் திரண்டிருந்தது.

காட்டெருமைக் கூட்டத்தின் தலைவன் கருமலை கேட்டான். "பாறைகளை நாங்கள் உருட்டிப் போடுகிறோம். எவ்வளவு இடைவெளியில் போடட்டும்?"

கூட்டத்தின் பின்னாலிருந்து தும்பை என்ற முயல் முன்னால் வந்தாள். அவள் பள்ளக்காட்டுக்காரி. வயிற்றில் குட்டிகள்.

"கிட்டக் கிட்டப் போடுங்கள் அம்மா. நாங்கள் சின்னக் கால்காரர்கள்."

கருமலை மலையைப் பார்த்தான். "கிட்டக் கிட்டப் போட்டால் கல் நிறைய வேண்டும். மழைக்குள் முடியாமல் போனால் என்ன செய்வது?"

செம்பி யோசித்தாள். அவள் தோளருகே வந்து ராசாளி மெதுவாகச் சொன்னான். "நீங்களே ஒருமுறை தாவிப் பாருங்களேன். உங்கள் கால் விழும் இடத்தில் கல். அளவு பார்த்த மாதிரியும் ஆச்சு, வேலையும் சீக்கிரம் முடியும்."

செம்பிக்கு அது பிடித்திருந்தது. வற்றிக் கிடந்த ஆற்றில் அவள் துள்ளினாள். ஒவ்வொரு தாவலிலும் கூட்டம் "ஓ!" என்று ஆரவாரித்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்று கடைசித் தாவலைக் கொஞ்சம் கூடவே எட்டிப் போட்டு, தென்கரையில் போய் நின்றாள்.

"பார்த்தீர்களா? ஆற்றைக் கடப்பது இவ்வளவுதான்!"

"அது உங்கள் கால் அம்மா" என்றாள் தும்பை.

செம்பிக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னால் ஒரு முயல் இப்படிச் சொல்வதா?

"ஆளுக்கு ஒரு குறை சொன்னால் கல் எப்போது விழும்? முதலில் பாதை வரட்டும்!" என்றாள்.

தும்பை கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

பாதை வந்தது. செம்பியின் கால் விழுந்த இடத்திலெல்லாம் ஆளுயரப் பாறைகள். மயில் ஆடியது. எல்லோரும் செம்பியைப் பாராட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தும்பை மருத மரத்தடிக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். தாவிப் பார்த்தபோது பாறையில் மோதிக் கீழே விழுந்திருந்தாள்.

"அம்மா, எட்டவில்லை. அதிலும் எங்கள் கரைப் பக்கத்து இடைவெளி ரொம்ப அகலம். நடுவில் ஒரு கல்லாவது..."

செம்பி அவள் காலைப் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் போட்ட பாதையில் குறை என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

"மழை முடியட்டும். பார்க்கலாம்" என்றாள்.

மரக்கிளையில் இருந்த ராசாளி அலகைத் தீட்டிக்கொண்டான்.

மழை முடியும்வரை ஆறு காத்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் மலையில் இடி உருண்டது. சற்று நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. இலையும் நுரையும் வந்தன. பிறகு முறிந்த மரங்கள் வந்தன.

செம்பி கரைக்கு ஓடினாள். பாறைகளின் தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. எதிர்க்கரையில் பள்ளக்காடே திரண்டு நின்றது. அவர்கள் வளைகளுக்குள் ஏற்கெனவே தண்ணீர் ஏறிவிட்டது. தும்பையின் காலடியில் கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள் நடுங்கின.

"வாருங்கள்! கல் இருக்கிறது! பயப்படாமல் தாவுங்கள்!" என்று செம்பி கத்தினாள்.

யாரும் அசையவில்லை. தும்பையின் தம்பி கோரை முன்னால் வந்தான். இளம் முயல், நல்ல துடிப்புக்காரன்.

"அம்மா சொல்கிறார்களே! நான் போய்க் காட்டுகிறேன். பின்னாலேயே வாருங்கள்!"

"வேண்டாம்டா!" என்று தும்பை அலறினாள்.

கோரை ஓடி வந்து தாவினான். உயரத் தாவினான். முன்கால்கள் பாறையைத் தொட்டன. நகம் வழுக்கியது. ஆறு அவனை இழுத்துக்கொண்டது. ஒருமுறை அவன் காது மேலே தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

செம்பி தண்ணீர் விளிம்புக்கு ஓடினாள். "தாவுங்கள்" என்று சொன்னது அவள்தானே!

"ராசாளி! ராசாளி! ஓடு, அவனைத் தூக்கு!"

அண்ணாந்து பார்த்தாள். கரையோர மரத்தில் அவன் உட்காரும் கிளை காலி. ஆற்றின் வளைவில், வெள்ளம் ஒதுக்கும் மணல் திட்டில், ராசாளி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவன் காலுக்கடியில் கோரை கிடந்தான்.

"அவனை இங்கே கொண்டு வா!" என்று செம்பி அலறினாள்.

"எதற்கு?" என்றான் ராசாளி நிதானமாக. "ஆறு ஒதுக்கியதைத்தான் எடுத்திருக்கிறேன். என் வாக்கு வாக்குதான். இன்னும் நிறைய வரும் போலிருக்கிறதே!"

செம்பிக்கு இப்போது எல்லாம் விளங்கியது. அவன் ஏன் தன்னைத் தாவச் சொன்னான், தும்பை நொண்டி வந்தபோது ஏன் வாய் திறக்கவில்லை, எல்லாமே விளங்கியது. ஆனால் ஆத்திரப்பட நேரமில்லை. எதிர்க்கரையில் தண்ணீர் கீரிகளின் வயிற்றைத் தொட்டுவிட்டது.

"கருமலை! உன் ஆட்களோடு ஆற்றில் இறங்கு! இடைவெளியில் நின்று முதுகைக் கொடுங்கள்!"

கரைக்கு வந்து சேர்ந்திருந்த கருமலை வெள்ளத்தைப் பார்த்துத் தயங்கினான். "இந்த இழுப்பில் கால் ஊன்ற முடியுமா செம்பி?"

"பாறையோடு உடம்பை ஒட்டிக்கொண்டால் நிற்கலாம். தப்பு என்னுடையது. கேட்கிறேன், இறங்கு!"

கருமலை ஒரு நொடி அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு உறுமிக்கொண்டு இறங்கினான். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த காட்டெருமைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு கரிய முதுகு எழுந்தது. ஆனால் தென்கரைக்குப் போகுமுன் காட்டெருமைகள் தீர்ந்துவிட்டன. கடைசி இடைவெளி காலியாகவே இருந்தது. எல்லாவற்றிலும் அகலமான இடைவெளி. கோரை விழுந்த இடம்.

செம்பி முதுகுகளைத் தாண்டிக் கடைசிப் பாறைக்கு ஓடினாள். கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதில் இறங்கினாள்.

குளிர் எலும்பைத் துளைத்தது. வெள்ளம் அவளைப் பாறையோடு சேர்த்து நசுக்கியது. கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.

"தும்பை! என் முதுகில் ஏறு!"

தும்பை அசையவில்லை. அந்த வாயை நம்பித்தான் அவள் தம்பி போனான்.

"தும்பை!" செம்பி மறுபடியும் கூப்பிட்டாள். "இந்தத் தடவை கீழே நான் நிற்கிறேன்!"

தும்பை ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு அவள் முதுகில் கால் வைத்தாள். ஓடினாள். கருமலைக் கூட்டத்தின் முதுகுகளில் தொற்றித் தொற்றி மேட்டுக்காட்டில் போய்க் குட்டியை விட்டாள். உடனே அடுத்த குட்டிக்குத் திரும்பி வந்தாள். அதைப் பார்த்துக் கீரிகள் கிளம்பின. எலிகள் கிளம்பின.

முள்ளம்பன்றி கரையிலேயே தயங்கி நின்றது.

"முள்ளை மடக்கிக்கொண்டு வா!" என்றாள் செம்பி.

"பயத்தில் மடங்க மாட்டேனென்கிறதே அம்மா!"

"மடங்காவிட்டால் போகட்டும். வா!"

முள்ளம்பன்றி வந்தது. அதன் பின்னால் அதன் குடும்பமும் வந்தது. செம்பி பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் முதுகிலிருந்து வழிந்த ரத்தம் செம்மண் தண்ணீரில் கலந்து அடையாளம் இல்லாமல் போனது.

தலைக்கு மேலே சிறகடிக்கும் சத்தம். ராசாளி வட்டமிட்டான்.

"செம்பி, உன் கால் வழுக்குகிறது. நீ இந்தக் காட்டுக்கே தலைவி. இந்தச் சின்னஞ்சிறுசுகளுக்காக உயிரை விடுவதா? வெளியே வந்துவிடு!"

செம்பியின் கால் உண்மையாகவே வழுக்கியது. தண்ணீர் முதுகு விளிம்பைத் தொட்டுவிட்டது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெளியே வந்துவிடலாமா என்றுதான் தோன்றியது. அப்போது முதுகில் தும்பையின் கால் பட்டது. கடைசிக் குட்டி அவள் வாயில் இருந்தது. செம்பி காலை இன்னும் ஆழமாக ஊன்றினாள்.

தென்கரையில் இப்போது ஒரே ஓர் உயிர்தான் மிச்சம். அழுங்கு. உடம்பெல்லாம் செதில், வளைந்த நகங்கள், நடையோ ஆமை மாதிரி.

"என்னால் மெதுவாகத்தான் வர முடியும் அம்மா" என்றது அழுங்கு, தண்ணீரில் பாதி மூழ்கி நின்றபடி.

தண்ணீர் செம்பியின் முதுகுக்கு மேலே வழிந்தது. "மெதுவாகவே வா" என்றாள்.

அழுங்கு முதுகில் ஏறியது. ஒரு நகத்தை ஊன்றியது. நின்றது. அடுத்த நகத்தை ஊன்றியது. அடித்து வந்த மரக்கிளை ஒன்று செம்பியின் விலாவில் மோதியது. அவள் சாய்ந்தாள். அழுங்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. ராசாளி தாழ இறங்கினான். செம்பி தலையை நிமிர்த்தி மறுபடியும் நேராக நின்றாள். அழுங்கின் பாரம் மெல்ல மெல்ல நகர்ந்தது. பாறைக்கு ஏறியது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று செம்பிக்குத் தெரியாது. கருமலைதான் அவள் கழுத்தடியில் கொம்பைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போய்க் கரையில் போட்டான்.

கண் விழித்தபோது ராசாளி எதிரே கிளையில் இருந்தான்.

"போய்விடு! இனி இந்தப் பக்கம் வராதே!" என்றாள் செம்பி.

ராசாளி சிரித்தான். "போகிறேன். ஆனால் கல்லை நானா போட்டேன்? தாவியது உன் கால். பார்க்கலாம் என்றது உன் வாய்!"

அவன் பறந்து போய்விட்டான். அவன் கெட்டவன்தான். சொன்னது பொய்யில்லை.

வெள்ளம் வடிந்தது. பள்ளக்காட்டுக்காரர்கள் ஊர் திரும்பி வளைகளிலிருந்து சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். செம்பி தும்பையை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பவில்லை. காயம் ஆறாத முதுகோடு தானே அவள் வளைக்குப் போனாள். பின்னால் கருமலை நின்றான்.

"தும்பை, உன் தம்பியை என்னால் திருப்பித் தர முடியாது" என்றாள் செம்பி. தலை குனிந்தே இருந்தது. "நீ வந்து ஒருமுறை தாவிக் காட்டு. உன் கால் விழும் இடத்திலெல்லாம் கல் போடுகிறோம்."

தும்பை அவளைப் பார்த்தாள். ஆற்றைப் பார்த்தாள்.

"என் காலை அளக்காதீர்கள் அம்மா" என்றாள். "அழுங்கைக் கூப்பிடுங்கள். அதற்குத் தாவவே தெரியாது."

கருமலை திரும்பிப் போய் முதல் பாறையை உருட்டத் தொடங்கினான்.

பொதுவுக்காக ஒரு வேலை செய்பவர்கள், தங்களால் முடிகிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், எல்லோருக்கும் பின்னால் வருகிறவராலும் முடியுமா என்று பார்த்துத்தான் அதைச் செய்ய வேண்டும்.