திரும்பி வரும் நேரத்துக்குக் கூலி இல்லை

முன்னொரு காலத்தில், எண்ணிப் பார்க்காமல் எதையும் வாயில் போடாத ராஜா ஒருவர் இருந்தார். கோமாறர் என்று பெயர். இலையில் ஆப்பம் வைத்தால் அதன் ஓட்டைகளை எண்ணி முடித்துவிட்டுத்தான் பிட்டுப் போடுவார்.

அந்த வருஷம் பெரிய ஏரியின் கரை உடைந்துவிட்டது. மழைக்கு இன்னும் எட்டே நாள். அதற்குள் அடைக்காவிட்டால் கீழே இருபது ஊர் வயல் வெள்ளத்தோடு போய்விடும். நூறு ஆள், எட்டு யானை, மேற்பார்வைக்கு ஒருவர் வேண்டும். ராஜா அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுத்தார் தெரியுமா? ஆஸ்தான விகடகவி அம்பலத்தாடியிடம்!

பொக்கிஷ அதிகாரி தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. அந்தப் பொறுப்பைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தருவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தார் மனுஷர். வேலை தொடங்கிய மறுநாளே சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா! நேற்று நாழிகை வட்டிலும் கையுமாக ஏரிக்கரையில் உட்கார்ந்து அளந்தேன். ஆளுக்கு நாழிகைக்கு ஒரு காசு கொடுக்கிறோம். யானைக்கு எட்டுக் காசு. நாளொன்றுக்கு இருபது நாழிகை வேலை. ஆனால் தலையில் மண்கூடை இருந்தது பத்து நாழிகைதான்! மீதிப் பத்தும் வெறுங்கூடை. யானையும் அப்படியே. கல்லை இழுத்தது பாதி, காற்று வாங்கியது பாதி."

ராஜா சிம்மாசனத்தில் இருந்து துள்ளி எழுந்தார். "பாதிக் கூலி தண்டமா!"

"ஆம் மகாராஜா. தங்கள் விகடகவியின் நிர்வாகம் அப்படி."

"இன்று முதல் வேலை ஓலையில் உண்மையாக வேலை நடந்த நேரத்தை மட்டும் எழுதுங்கள். நடந்தது, நின்றது, தண்ணீர் குடித்தது எதற்கும் காசு கிடையாது. அரண்மனை முதல் ஏரிக்கரை வரை எல்லோருக்கும் இதே விதி! அம்பலத்தாடி, எட்டாம் நாள் கரை அடைபடவில்லை என்றால் நீ நாட்டு எல்லையைத் தாண்டிவிடு."

தாண்டவராயர் மீசைக்குள் சிரித்தார். பாதிக் கூலிக்கு எவன் மண் சுமப்பான்? ஆட்கள் ஓடுவார்கள். பின்னாலேயே விகடகவியும் ஓடுவான்.

அம்பலத்தாடி குனிந்து வணங்கினான். "உத்தரவு மகாராஜா. ஓர் எழுத்தும் பிசகாமல் நடத்துகிறேன்."

மறுநாள் விடிந்தது. ஏரிக்கரையில் அம்பலத்தாடி விதியை உரக்கப் படித்தான். மண் சுமக்கும் வெள்ளச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏஞ் சாமி, மண்ணக் கொட்டிட்டு வெறுங்கூடையோட திரும்பி வர்றோமே, அதுக்கு?"

"கூலி கிடையாது தாயி."

"அப்ப நா ஊருக்குக் கெளம்புறேன். உங்க ராசாவையே வந்து சொமக்கச் சொல்லுங்க."

"கிளம்பாதே. கூலி உள்ள வேலையைச் செய். கூலி இல்லாத வேலையைச் செய்யாதே. அவ்வளவுதான் விதி."

வெள்ளச்சி அவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யானைப் பாகன் இருளப்பனுக்கும் விளங்கிவிட்டது. "அடியாத்தி! எங்க ஆனைக்கும் இதேதானா?"

"அதற்கு மட்டும் தனிச் சட்டமா என்ன?"

வேலை ஆரம்பித்தது. நூறு பேரும் ஒரு நடை மண் சுமந்து, கரைமேல் ஏறிக் கொட்டினார்கள். எட்டு யானையும் ஒரு நடை கல் இழுத்து வந்து போட்டன.

அவ்வளவுதான். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

நடுப்பகலில் வேடிக்கை பார்க்க வந்த தாண்டவராயர் பல்லக்கை விட்டு இறங்கி, கரையெல்லாம் ஆளும் யானையுமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு பூரித்துப்போனார். ராஜாவிடம் கோள் சொல்லத் திரும்பினார். பல்லக்கைக் காணோம்!

"சும்மா நிக்கிற நேரத்துக்குக் காசு இல்லையாமே" என்று சொல்லிவிட்டு, தூக்கிகள் ஓர் எண்ணெய் வியாபாரியை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பொக்கிஷ அதிகாரி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார்.

ராஜா குதிரையில் பறந்து வந்தார். கண் சிவந்திருந்தது. மூச்சிரைக்கத் தாண்டவராயரும் குடைக்காரரும் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

"அம்பலத்தாடி! என்ன இது?"

"தங்கள் விதி மகாராஜா. மண்ணோடு கரைக்கு வரும் நேரத்துக்குக் கூலி உண்டு, வந்துவிட்டார்கள். திரும்பிப் போகும் நேரத்துக்கு ஓலையில் இடமில்லை, போகவில்லை. ஒரு காசுகூடத் தண்டமில்லை!"

"போகாமல் அடுத்த கூடையை எப்படியடா எடுப்பது?"

"அதைத்தான் நானும் காலையிலிருந்து யோசிக்கிறேன் மகாராஜா. தாண்டவராயர் அளந்தவர். அவருக்குத் தெரியும்."

தாண்டவராயர் கரைக்குக் கீழே கையைக் காட்டினார். "அவர்களாகப் பார்த்துத் திரும்பி..."

"ஏன் சாமி, நாங்க என்ன, ஒங்க மருமக்கமாரா? ஓசியில நடக்குறதுக்கு!" என்றாள் வெள்ளச்சி.

அப்போதுதான் அது நடந்தது. ராஜாவின் மூக்குமேல் ஒரு துளி. இன்னொரு துளி. எட்டு நாள் கெடு என்று யாரும் மழைக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. சடசடவென்று பிடித்துக்கொண்டது. உடைப்பின் வழியே சேற்றுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

"குடை! குடை எங்கே?"

குடைக்காரர் இரண்டடி தள்ளி, மடக்கிய குடையோடு நனைந்துகொண்டு நின்றார். "மன்னிக்கணும் மகாராஜா. என் வேலை ஓலையில் 'வெயில் மறைத்த நேரம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. வெயில் போய்விட்டது."

"எவன் அப்படி எழுதியது?"

"பொக்கிஷ அதிகாரிதான். கையெழுத்தும் அவருடையதே."

ராஜா தொப்பலாக நனைந்தார். கிரீடத்தில் இருந்து தண்ணீர் வடிந்தது. உடைப்பைப் பார்த்தார். யானைகளைப் பார்த்தார். அவை நிம்மதியாகக் காதை ஆட்டிக்கொண்டிருந்தன.

"போக, வர, நிற்க, தண்ணீர் குடிக்க, யானை தின்ன, குளிக்க, எல்லா நேரத்துக்கும் முழுக் கூலி! ஓடுங்கள்!"

"முத்திரை மகாராஜா?" அம்பலத்தாடி தயாராக வைத்திருந்த ஓலையை நீட்டினான். ராஜா மோதிரத்தைக் களிமண்ணில் அழுத்தி ஓலைமேல் அப்பினார்.

நூறு பேரும் மண்ணெடுக்கும் பள்ளத்துக்குப் பாய்ந்தார்கள். பாகர்கள் அதட்ட, யானைகள் கல்லைத் தேடி ஓடின. ராஜா தாண்டவராயரின் தோளைத் தட்டினார். "நீரும் ஒரு கூடை எடும்."

அவர் மண்ணோடு ஏறிவிட்டார். வெறுங்கூடையோடு இறங்கும்போதுதான் சறுக்கி, கரை உச்சியிலிருந்து பள்ளம் வரை உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார்.

"இது காத்து வாங்குற நேரமுங்களா சாமி?" என்று வெள்ளச்சி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

ராஜா சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. எத்தனை தடவை சிரித்தார் என்று அவரே எண்ணவில்லை. பொழுது சாய்வதற்குள் உடைப்பு அடைபட்டது. ஏரியில் தண்ணீர் நின்றது.

"அம்பலத்தாடி, எல்லையைத் தாண்ட வேண்டாம். இதோ, இந்த எட்டில் ஒரு யானையை எடுத்துக்கொள்."

அம்பலத்தாடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். "வேண்டாம் மகாராஜா! யானையை வாங்கிக்கொள்வேன். அது தின்கிற நேரத்துக்கு என் வீட்டில் வழியில்லை."

"பிழைக்கத் தெரிந்தவனடா நீ!" என்று மறுபடி விழுந்து விழுந்து சிரித்த ராஜா, ஏரிக்குக் கீழே நாலு காணி நஞ்சையும் ஒரு கரும்புத் தோட்டமும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். கரும்பு யானைக்கு.